தெரியவில்லை என்று எழுதியவர்

எங்கள் கடையில் எலிகள் ஷேவிங் பிளேடு தின்றன. ஷாம்பு குடித்தன. ஒரு பொங்கல் சமயத்தில் அரை லிட்டர் நெய் பாட்டில்கள் ஒன்பதை மூடியோடு விழுங்கித் தீர்த்தன. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருந்தது. குறைந்த பொருள், எத்தனை குறைந்தது, என்ன காரணம் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் வரிசையாக ‘எலி’ என்று இருக்கும். அப்படிப் போட்டவர்களில் பெரிய கை நான்தான்.

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகும் சாலையில், மூலக்குளத்தில் இருக்கும் சூப்பர் மார்க்கெட் அது. நான் அங்கே ஃப்ளோர் சூப்பர்வைசர். சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. இருப்புப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி. அலமாரியில் இருக்கிற பொருளும் கம்ப்யூட்டரில் இருக்கிற எண்ணும் ஒத்துப் போகிறதா என்று தினம் எண்ணிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், என்னை அண்ணா என்பார். அவர் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

கடையில் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் ‘தெரியல மேடம்’ என்போம். எதைக் கேட்டாலும், தன் கண்ணால் பார்க்காத விஷயமாக இருந்தால் ‘தெரியல’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். அதில் அவருக்கு வெட்கமோ தயக்கமோ இருந்ததே இல்லை. நமக்கெல்லாம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வராது. தெரியாத தெருவுக்குக்கூட, "நேராப் போயி லெஃப்ட்ல திரும்புங்க" என்று கை காட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கிற ஆட்கள் நாம். நான் அப்படித்தான்.

அவர் எண்ணுவதைப் பார்க்க வேண்டும். ஒரு நீல பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். பின்வரிசையில் இருப்பதை முன்னால் இழுத்து, ஒவ்வொன்றின் தலையையும் ஆள்காட்டி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கோபப்பட மாட்டார், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். நான் வேண்டுமென்றே பேச்சுக் கொடுப்பேன்.

"முன்னாடி நாலு, ஆழம் அஞ்சு. இருவதுன்னு போட்டுட்டுப் போயேம்மா."

"நடுவுல ஒண்ணு இல்லாம இருந்தா?"

"இருக்கும்மா. எங்க போயிடும்?"

"நீங்க பாத்தீங்களாண்ணா?"

நான் கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அவர் மறுபடி, ஒண்ணு, ரெண்டு.

பில் போடுகிற பெண் ஒருத்தி தன் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த புடவையைக் கடைக்குக் கொண்டு வந்து காட்டினாள். எல்லோரும் பிரமாதம் பிரமாதம் என்றோம். அவரிடம் போய், "அக்கா, எனக்கு எடுப்பா இருக்குதா?" என்று கேட்டாள். "டியூப்லைட்டுல தெரியலம்மா, வெளிய வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நல்ல உச்சி வெயில். வில்லியனூர் பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற சாலையோரத்தில் அந்தப் பெண்ணை நிற்க வைத்து, புடவையைத் தோளில் போட்டு, முன்னாலும் பின்னாலும் சுற்றி வந்து பார்த்தார். கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். "கழுத்துக்கிட்ட நல்லாருக்குது. முந்தானையில ஒரு கை அகலத்துக்குச் சாயம் இறங்கியிருக்குது பாரு. மாத்திக்கினு வா" என்றார். உண்மையாகவே இறங்கியிருந்தது. அந்த டியூப்லைட்டில் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்கிற மாதிரி, நாங்கள் அவரை முசே என்போம். ஒருநாள் அவர் சாக்லேட் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் என்று வாசல் செக்யூரிட்டி பிடித்துக்கொண்டான். மேனேஜர் தெரியல மேடத்தைக் கூப்பிட்டு, "நீ அந்த வரிசையிலதான இருந்த? எடுத்தாரா இல்லயா?" என்றார்.

"அவரு கை பைக்குள்ள போனதைப் பாத்தேன் சார். கையில என்னா இருந்துதுன்னு பாக்கல."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பார்க்கவில்லை என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போனால் என்ன? பெரியவர் தானே பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு மாத்திரை டப்பா விழுந்தது. பெரியவர் இவர் மேல் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். மாறாக, அன்றிலிருந்து கடைக்கு வரும்போதெல்லாம் நேராக இவரிடம் போய், "மெர்ஸி, மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுத்தான் கூடையை எடுப்பார். அவருக்கு எது பிடித்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பெரியவர்தான் ஒருமுறை இவருடைய வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். வீட்டுக்காரர் பாரீஸ் பக்கத்தில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனவர். முதல் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு அந்த நம்பரே இல்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று மூலக்குளத்தில் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டார்கள். இவரிடமே நேராகக் கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு. "யாரு பாத்தாங்க?" என்பார், அவ்வளவுதான்.

மகளுடைய பள்ளிக்கூட படிவம் ஒன்றை மதிய சாப்பாட்டு நேரத்தில் நிரப்பிக்கொண்டிருந்தார். தந்தை இருக்கிறார், இல்லை என்று இரண்டு கட்டம். நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "இல்லைன்னு டிக் பண்ணேம்மா, ஃபீஸ்ல ஏதாச்சும் சலுகை குடுப்பாங்க" என்றேன்.

"இல்லன்னு எனக்குத் தெரியாதேண்ணா."

"அப்ப இருக்காருன்னு போடு."

"அதுவும் தெரியல."

இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, ஓரத்தில் ‘நாலு வருடமாகத் தகவல் இல்லை’ என்று எழுதினார். குண்டு குண்டான நல்ல கையெழுத்து. எழுதி முடித்து, டப்பாவில் பாதிச் சோறு இருக்கும்போதே மூடி வைத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. ஒரு டிக்கில் முடிகிற விஷயத்தை இப்படி மனசில் வைத்துப் புண்ணாக்கிக்கொள்வானேன் என்றுதான் தோன்றியது.

இப்போது எலிக்கு வருகிறேன். பொருள் குறைந்தால் கம்ப்யூட்டரில் காரணம் போட வேண்டும். எலி, உடைசல், காலாவதி, பில் தவறு, திருட்டு என்று ஐந்து காரணங்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருட்டு என்று போட்டால் வேலை ஆரம்பித்தது. நாலு பக்கப் படிவம், கேமரா பதிவு, போலீஸ் புகார் நகல், சென்னை தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு போன். எலி என்று போட்டால் ஒன்றுமில்லை. பட்டியலில் அதுதான் முதலில் வேறு இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு என்டர் தட்டினாலே விழும். எங்கள் கடையில் மட்டுமல்ல, எங்கள் கம்பெனியின் எல்லாக் கடைகளிலும் பொருள்களை எலிதான் தின்றுகொண்டிருந்தது.

அவர் மட்டும் தட்ட மாட்டார். உடைந்ததைப் பார்த்தால் உடைசல் என்பார், எலி கடித்த பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் எலி என்பார். மற்றதை எந்தக் காரணமும் போடாமல் அப்படியே நிலுவையில் விட்டுவிடுவார். ‘தெரியவில்லை’ என்று ஆறாவதாக ஒரு காரணம் சேர்க்கும்படி தலைமை அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினார். அங்கே அதை வாசித்துச் சிரித்தார்கள் என்று மேனேஜர் வந்து சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

மாதக் கடைசியில் நிலுவை இருந்தால் தலைமை அலுவலகத்து அறிக்கையில் எங்கள் கடையின் பெயர் சிவப்பில் வரும். மேனேஜருக்குத் திட்டு விழும், அவர் வந்து எங்களைத் திட்டுவார். அந்த நிலுவையை முடிக்க இருப்புப் பிரிவு ஐடியால்தான் முடியும், என் ஐடியில் அந்த வசதி கிடையாது.

மகளுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று அவர் ஒரு வாரம் லீவு எடுத்தார். போகும்போது என்னிடம் தன் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போனார். அது அவர் மகளின் பெயர். "பாத்ததை மட்டும் போடுங்கண்ணா. பாக்காததை அப்படியே வுட்டுடுங்க, நான் வந்து பாத்துக்கறேன்" என்றார். சரிம்மா, நீ புள்ளையைப் பாரு என்றேன். உண்மையாகவே அக்கறையாகத்தான் சொன்னேன்.

அந்த வாரம் மாதக் கடைசி. மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்று, "அந்தம்மா வர்றதுக்குள்ள முடிச்சி வுட்டுடுய்யா" என்றார். நான் முடித்துவிட்டேன். இருபது நிமிட வேலை. எங்கள் கடை முதல் தடவையாகப் பச்சையில் வந்தது. மேனேஜர் எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு அவருடைய வார லீவு நாட்களில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தேன். ஒன்றரை வருடம். ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தையின் பெயரை அடித்துத்தான் உள்ளே போனேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. சோம்பேறித்தனம்தான். பயமெல்லாம் பிறகுதான் வந்தது.

அவர் கண்டுபிடிக்காமல் இல்லை. "அண்ணா, நான் இல்லாத அன்னைக்கி என் பேர்ல யாரோ எலி போடறாங்க" என்று என்னிடமே வந்து சொன்னார். "அது சிஸ்டமே போட்டுக்குதும்மா" என்றேன். அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றித் தரும்படி மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தார். அது தலைமை அலுவலகம் போய்த்தான் மாற வேண்டும். மேனேஜர் அந்தத் தாளை அனுப்பவே இல்லை. அனுப்பியிருந்தால் கடை மறுபடி சிவப்பாகியிருக்கும்.

இதற்கு நடுவே குழந்தைகளுக்கான பால் பவுடர் டின்கள் குறைய ஆரம்பித்தன. கையடக்கமான பொருள், விலை அதிகம், எந்தச் சின்னக் கடையில் கொண்டுபோய்ப் போட்டாலும் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள். முன்வரிசையை அப்படியே விட்டுவிட்டு நடுவில் இருப்பதை எடுத்தார்கள். எட்டி நின்று பார்த்தால் அலமாரி நிறைந்திருக்கும். முக்காலி போட்டு விரலால் தொட்டு எண்ணினால்தான் நடுவில் பள்ளம் தெரியும்.

ஒருநாள் அவர் மேனேஜரிடம் போய் நின்றார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சார், எண்ணெ பாட்டில் உடையற அன்னைக்கித்தான் டின்னு கொறையுது."

"எண்ணெய்க்கும் டின்னுக்கும் என்னாம்மா சம்பந்தம்?"

"பாட்டில் உடைஞ்சா வழுக்கிடப் போறாங்கன்னு நாம எல்லாரும் அங்க ஓடறோம். இந்தப் பக்கம் ஆளு இல்ல. ஆறு வாட்டி பாத்துட்டேன் சார்."

"சரி, யாரு எடுக்கறாங்க?"

"தெரியல சார்."

மேனேஜர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எண்ணெய் ‘உடைசல்’ என்று ஒரு பக்கம் போனது, டின் ‘எலி’ என்று இன்னொரு பக்கம் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் முக்காலியில் உட்கார்ந்திருந்த அவர்தான்.

சென்னையிலிருந்து டேட்டா பார்க்கிற தம்பி ஒருவன் லேப்டாப்போடு வந்து இறங்கினான். மேனேஜர் அறையில் அவன், மேனேஜர், நான், அவர். திரையைத் திருப்பிக் காட்டி, "உங்க கடை எலிக்கு மட்டும் ஏன் சார் தகர டின்னு மேல இவ்ளோ ஆசை?" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அடுத்து அவன், "எல்லா என்ட்ரியும் உங்க ஐடிதான் மேடம்" என்றான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போய், ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டு வாசித்தார். டின் எண்ணுகிற மாதிரியே. முழுவதும் வாசித்துவிட்டு, "இதெல்லாம் நான் போடல சார். அன்னைக்கெல்லாம் எனக்கு லீவு" என்றார்.

"பாஸ்வேர்டு இருந்தா வீட்டுலேர்ந்தும் போடலாம் மேடம். உங்க பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"புள்ளைக்கு ஆபரேஷன் அப்ப ஒரு வாரம் அண்ணாகிட்ட குடுத்தேன். அப்புறம் மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தேன்."

மேனேஜர், "என்கிட்ட எதுவும் வரலயே" என்றார். டேட்டா தம்பி என் பக்கம் திரும்பினான். "நீங்க யூஸ் பண்ணீங்களா சார்?"

"அந்த ஒரு வாரம்தான். அதுக்கப்புறம் தொடல."

இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது. தண்ணீர் குடிப்பது போல வந்தது. அவன் மறுபடி அவரிடம் திரும்பி, "அப்ப இவர் பொய் சொல்றாரா மேடம்?" என்று கேட்டான்.

அவர் ஒரு வார்த்தை, ‘ஆமா’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வீட்டு வாடகை, மகளின் படிப்பு, அவர் பெயர், எல்லாமே அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"தெரியல சார். நான் பாக்கல."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். மகள் பாதி எழுதி விட்ட பழைய கணக்கு நோட்டு. பின்பக்கமிருந்து திருப்பி, அதில் தினசரி எண்ணியதை எழுதி வைத்திருந்தார். டேட்டா தம்பி அதைத் தொடவே இல்லை. "கையால எழுதுனத யார் வேணா எப்ப வேணா எழுதலாம் மேடம்" என்றான். அன்று சாயங்காலமே அவரை அனுப்பிவிட்டார்கள். டின் எடுத்ததும் அவர்தான், மறைக்க எலி போட்டதும் அவர்தான் என்று முடிவாகிவிட்டது. போலீசுக்குப் போகாமல் விடுகிறோம் என்பதைப் பெரிய தர்மம் போலச் சொன்னார்கள்.

சாவிகளை என்னிடம் ஒப்படைத்தார். "மூணு இருக்குது. எண்ணிக்குங்கண்ணா" என்றார். நான் எண்ணாமல் பையில் போட்டுக்கொள்ளப் போனேன். "எண்ணுங்கண்ணா" என்றார் மறுபடி. எண்ணினேன். நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அது கடைக்கு எழுதியது, கடையில்தான் இருக்க வேண்டும் என்றார். நான் அதை எடுத்து ஸ்டோர் ரூம் மேசை டிராயரில் போட்டு மூடினேன்.

மூன்று மாதம் கழித்து, புதுச்சேரியின் வடக்கு எல்லையில் கனகசெட்டிக்குளத்தைத் தாண்டியதும் ஒரு வேன் பிடிபட்டது. நல்ல உடை உடுத்திய இரண்டு பெண்கள், கைக்குழந்தை ஒன்று, இரண்டு ஆண்கள். உள்ளே பால் பவுடர், நெய், பிளேடு, ஷாம்பு. புதுச்சேரி, கடலூர், திண்டிவனம் என்று கடை கடையாக எடுத்து வேறு ஊரில் விற்கிற கூட்டம். ஒருத்தி எண்ணெய் பாட்டிலைத் தட்டிவிடுவாள், மற்றவர்கள் இந்தப் பக்கம் வேலையை முடிப்பார்கள்.

கடைகளையெல்லாம் போலீஸ் கூப்பிட்டு, இதில் உங்கள் சரக்கு எது, என்றைக்குப் போனது என்று கேட்டது. எந்தக் கடையாலும் சொல்ல முடியவில்லை. எல்லாக் கடையின் கம்ப்யூட்டரும் எலி என்றுதான் சொன்னது. எனக்கு அப்போதுதான் டிராயர் ஞாபகம் வந்தது.

நோட்டைத் திறந்து நின்றுகொண்டே வாசித்தேன். தேதி, நேரம், காலையில் எத்தனை, சாயங்காலம் எத்தனை, விற்றது எத்தனை, டின்னின் அடியில் அச்சடித்த பேட்ச் எண். எண்ணெய் உடைந்த நாளுக்கு ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘எடுத்தது யார், தெரியவில்லை.’ வேனிலும் அவர்கள் பதுக்கி வைத்திருந்த இடத்திலும் கிடைத்த டின்களில் இருபத்தெட்டு அந்த எண்களோடு அப்படியே ஒத்துப்போயின.

கடைசிப் பக்கங்களில் வேறொரு பட்டியல் இருந்தது. ‘இன்று எனக்கு லீவு. என் ஐடியில் எலி 11. போட்டது யார், தெரியவில்லை.’ ‘இன்று எனக்கு லீவு. என் ஐடியில் எலி 7. போட்டது யார், தெரியவில்லை.’ பக்கம் பக்கமாக இருந்தது. அவர் பாஸ்வேர்டைச் சொன்னது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான். அது அவருக்குத் தெரியாதா? ஒன்றரை வருடம் ஒவ்வொரு வாரமும் அவர் அந்தக் கேள்வியை எழுதி, பதில் எழுதாமல் விட்டிருக்கிறார். நான் அந்த ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன்.

அழுதேன், அவ்வளவுதான். போலீசுக்கு டின் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். கம்பெனி விழா வைத்து, எங்கள் மேனேஜருக்கு ஒரு ஷீல்டு கொடுத்தது, எனக்கு ஒரு சால்வை போர்த்தியது. மேடையில் டேட்டா தம்பி என் கையைக் குலுக்கினான். நான் மெல்ல, "அந்தம்மா திருடலன்னு ஆயிடுச்சே தம்பி, திருப்பிக் கூப்புடலாமே" என்றேன்.

"திருடல, ஒத்துக்கறேன். ஆனா பொய் என்ட்ரி போட்டது அவங்கதான சார்? அந்த மாதிரி ஆளை எப்பிடி வெச்சிக்கறது?"

திருடி என்று சொன்னதைவிட இது அவருக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒன்றைத்தான் அவர் வாழ்க்கையில் செய்ததே இல்லை. நான் சால்வையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவரைத் தேடிப் போவதற்கு. உழவர்கரைப் பக்கம் ஒரு மெழுகுவத்தி கம்பெனியில் பேக்கிங் வேலையில் இருந்தார். வேறு எந்தக் கடையும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை, விஷயம் எல்லாக் கடைக்கும் போயிருந்தது. மதிய சாப்பாட்டு நேரம். இளைத்திருந்தார். கையெல்லாம் மெழுகு.

"வாங்கண்ணா. புள்ளைங்க நல்லாருக்காங்களா?"

"இங்கயும் எண்ணுறதுதானா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"இல்லண்ணா. இங்க எண்ண வேணாம். தராசுலயே எடை போட்டுடுவாங்க."

நோட்டை அவரிடம் நீட்டினேன். "அந்த எலியெல்லாம் நான்தாம்மா போட்டேன்."

அவர் புடவைத் தலைப்பில் விரல் விரலாக மெழுகைத் துடைத்தார்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"என் பொண்ணு பேரை அடிச்சி அடிச்சியாண்ணா?"

அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. அத்தனை வருடத்தில் நான் கேட்டிராத குரல். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரியானார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. உனக்குத் தெரியாமயா இருந்துது?"

"தோணுச்சுண்ணா. தினம் தோணுச்சு. தோணுறதை எப்பிடித் தெரியும்னு சொல்றது?"

நோட்டைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினார். பேனா கேட்டார், கொடுத்தேன். அந்த லீவு நாள் பட்டியலின் முதல் வரியிலிருந்து ஒவ்வொரு ‘தெரியவில்லை’யையும் ஒரு கோடு போட்டு அடித்தார். எழுபத்தாறு இடம். ஒன்றையும் விடவில்லை. கீழே அன்றைய தேதி போட்டு, ‘போட்டவர் இன்று நேரில் வந்து சொன்னார்’ என்று எழுதினார். அதற்குக் கீழே ‘பெயர்’ என்று எழுதி, நோட்டையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

"நீயே எழுதிக்கம்மா."

"உங்க பேரை நீங்கதாண்ணா எழுதணும். உங்களுக்காக நான் எழுதக் கூடாது."

அந்தத் தாளில் பெயர் விழுந்தால் அவருக்கு எல்லாம் திரும்பிவிடும். எனக்கு எல்லாம் போய்விடும். என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பெல் அடித்தது.

"கண்ணாடி எடுத்தாரலம்மா. வீட்டுல போயி எழுதி எடுத்தாரேன்" என்றேன்.

கண்ணாடி என் சட்டைப் பையில், பாதி வெளியே தெரிகிற மாதிரி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"சரிண்ணா" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

பெயர் சொல்ல மாட்டேன் என்றேனே, காரணம் இதுதான். அந்தப் பெயரில் நான் எழுதியது போதும். நோட்டு என் வீட்டு பீரோவில், சால்வைக்கு அடியில் இருக்கிறது. ‘பெயர்’ என்று அவர் எழுதிய இடத்துக்கு நேரே இன்னும் ஒன்றும் இல்லை. இங்கேயும் நான் என் பெயரை எழுதவில்லை, பார்த்திருப்பீர்கள்.